ட்ரிப் ஆகிற ரிலேவைத் திட்டாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டம் வைத்திருப்பவர்கள், ஒர்க்‌ஷாப் நடத்துபவர்கள், பேனல் போர்டு வேலை பழகும் பிள்ளைகள் என்று மூன்று தரப்புக்கும் இதில் விஷயம் இருக்கிறது. சாவகாசமாகப் படியுங்கள்.

எங்கள் காரமடைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு உண்டு. "ரிலே சும்மா சும்மா ட்ரிப் ஆகுதுங்க. அதான் அதை எடுத்துட்டு டைரக்ட் பண்ணிட்டோமுங்க." பெரிய தொல்லை ஒன்று தீர்ந்த நிம்மதியோடு சொல்வார்கள். ராத்திரியில் குரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று காவல் நாயை விரட்டிவிட்டுப் போய்ப் படுப்பது போலத்தான் இது. நாய் எதைப் பார்த்துக் குரைத்தது என்று யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

இந்த "டைரக்ட் பண்ணுற" பழக்கத்தை நாம் விட வேண்டும். அது மோட்டாரோடு நிற்பதில்லை. தோட்டத்தில் பழகிய கை ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது, ஒர்க்‌ஷாப்பில் பழகிய கை பெரிய ஆலைக்குப் போகிறது. ஆனால் பழியை முழுக்க விவசாயி தலையிலும் எலக்ட்ரீஷியன் தலையிலும் கட்ட நான் தயாரில்லை. அதையும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பத்தாம் வகுப்பில் மின்காந்தம் நடத்தும்போது இரும்பு ஆணியில் கம்பி சுற்றி குண்டூசிகளைத் தூக்கிக் காட்டுவோமே, அதேதான். காயிலில் கரண்ட் போனால் இரும்பு காந்தமாகிறது, எதிரே இருக்கும் இன்னொரு இரும்பை இழுக்கிறது. அந்த இரும்போடு சேர்ந்து வரும் வெள்ளிக் கலவை முனைகள் மூன்று ஃபேஸையும் மோட்டாரோடு இணைக்கின்றன. காயிலில் கரண்ட் நின்றால் ஸ்பிரிங் தள்ளிவிடும், மோட்டார் நின்றுவிடும். இதுதான் கான்டாக்டர். ஒரு சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆளுவது இதன் வேலை. பச்சைப் பட்டனைத் தொடும் விரலுக்கும் மோட்டாருக்குப் போகும் கரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லாமல் செய்வதும் இதுதான்.

கான்டாக்டருக்குக் கீழே சின்னதாக, முகத்தில் ஒரு திருகு எண் வட்டத்தோடு உட்கார்ந்திருப்பதுதான் ஓவர்லோடு ரிலே. உள்ளே மூன்று ஈருலோகப் பட்டைகள். இரண்டு உலோகங்களை ஒட்டிச் சூடாக்கினால் இரண்டும் ஒரே அளவு விரியாது, அதனால் பட்டை வளையும். இதுவும் பள்ளிப் பாடம்தான். மோட்டார் கரண்ட் அளவுக்கு மேல் போனால் பட்டை வளைந்து ஒரு சின்னத் தட்டு தட்டும். அந்தத் தட்டில் கான்டாக்டர் காயிலுக்குப் போகும் கம்பி துண்டாகும், கான்டாக்டர் விடும், மோட்டார் நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரிலே தானாக மோட்டார் கரண்டை வெட்டுவதில்லை. "நிறுத்து" என்று சொல்லும். நிறுத்துவது கான்டாக்டர். ஆகவே கான்டாக்டர் விடாதபடி அதில் குச்சியைச் சொருகி வைத்தாலோ, அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டாலோ, ரிலே எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. சொல்வதற்கு ஆள் உண்டு, கேட்பதற்கு ஆள் இல்லை என்கிற கதை.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பெட்டி அந்நியப் பொருள் இல்லை. பைக்காரா நீர்மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் கோவைக்கு இறங்கி வந்த பிறகுதான் இங்கே மில்கள் பெருகின, கிணறுகளில் கமலை போய் மோட்டார் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாரை இந்த ஊரிலேயே செய்தார்கள். அதே கரண்டின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். இவ்வளவு விலை கொடுத்து வந்த கரண்ட் நம் தோட்டத்து மோட்டார் ரூம் பெட்டிக்குள் வந்து நிற்கிறது. அந்தப் பெட்டியின் காவலாளியைத்தான் நாம் முதலில் கழற்றி எறிகிறோம்.

ஏன் எறிகிறோம்? தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் பாக்குக்கும் சித்திரை வெயிலில் தண்ணீர் போகாவிட்டால் என்னாகும் என்று இந்த மண்ணில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று மும்முனை மின்சாரத்தை முறை வைத்துக் கொடுத்த காலத்தை நாம் எல்லோரும் பார்த்தவர்கள். அந்த ஆறு மணி நேரத்தில் ரிலே நான்கு தடவை ட்ரிப் ஆனால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் ரிலே ஏன் ட்ரிப் ஆனது என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்று, ஒரு ஃபேஸ் போயிருக்கும். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போயிருக்கலாம், கம்பத்தில் ஜம்பர் விட்டிருக்கலாம், கான்டாக்டரின் ஒரு முனை கருகியிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் மும்முனை மோட்டார் ஒரு ஃபேஸ் போனதும் உடனே நின்றுவிடாது. மூன்று பேர் சுமந்த பாரத்தை மீதி இரண்டு பேர் சுமப்பது போல ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு ஃபேஸிலும் கரண்ட் சுமார் ஒன்றே முக்கால் மடங்காகும், சில நேரம் இரண்டு மடங்கையும் தாண்டும். வெளியே தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், உள்ளே காயில் வெந்துகொண்டிருக்கும். இதை நிறுத்தத்தான் ஓவர்லோடு ரிலேயும் சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டரும். இரண்டையும் கழற்றிவிட்டு, கண்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸிலேயே மோட்டாரை ஓட்டும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அது மோட்டாருக்கும் கேடு, அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் அடுத்த தோட்டத்துக்காரருக்கும் கேடு.

இரண்டு, வோல்டேஜ் குறைந்திருக்கும். "வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் குறையுமே சார், அப்புறம் ஏன் ட்ரிப் ஆகணும்?" என்று வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளைகளே கேட்பார்கள். குண்டு பல்புக்கு அது சரி. மோட்டார் அப்படி இல்லை. போரின் ஆழம் குறையப் போவதில்லை, தூக்க வேண்டிய தண்ணீரும் குறையப் போவதில்லை. அதே வேலையைக் குறைந்த வோல்டேஜில் செய்ய வேண்டும் என்றால் மோட்டார் கூடுதல் கரண்டை இழுக்கும். அப்போது ரிலே தட்டினால் அது தன் கடமையைச் செய்கிறது என்று அர்த்தம்.

மூன்று, ரிலேயே சரியாக வைக்கப்பட்டிருக்காது. இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஆறு ஏழு மடங்கு கரண்ட் இழுக்குமே, அதற்கு ஏன் ரிலே தட்டுவதில்லை என்று சிலர் கேட்பதுண்டு. ஈருலோகப் பட்டையின் அழகே அதில்தான் இருக்கிறது. அது சூடாக நேரம் எடுத்துக்கொள்ளும். வகுப்பு 10 என்று குறித்த ரிலேவுக்கு ஏழு மடங்குக்குச் சற்று மேல் கரண்ட் போனாலும் நான்கு விநாடிக்கு முன்னால் தட்டாது, பத்து விநாடிக்கு மேல் பொறுக்காது. ஏற்கெனவே சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றரை மடங்கு கரண்ட் வந்தால் நான்கு நிமிடத்துக்குள் தட்டிவிடும். சின்னத் தப்பைக் கொஞ்ச நேரம் பொறுக்கும், பெரிய தப்பைச் சீக்கிரம் நிறுத்தும். தட்டிய உடனே ரீசெட் பட்டனை அழுத்தினால் சில நேரம் கேட்காது. பட்டை ஆற வேண்டும். ரிலே ஆறும் நேரத்தில் மோட்டாரும் கொஞ்சம் ஆறும். அந்த நேரத்தைக் கூடக் கொடுக்காமல்தான் "ரிலே கெட்டுப் போச்சு" என்று தீர்ப்பெழுதுகிறோம்.

இப்போது செட்டிங் விஷயம். பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வைப்போம். பெரும்பாலான ஸ்டார் டெல்டா பெட்டிகளில் ஓவர்லோடு ரிலே மோட்டாரின் உள்சுற்று வழியில் உட்கார்ந்திருக்கும். அங்கே போவது லைன் கரண்டில் 0.58 பங்குதான். மோட்டார் பிளேட்டில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், ரிலேவை வைக்க வேண்டியது 10.4 ஆம்பியரில். பிளேட்டில் 18 இருக்கிறது என்று ரிலேவையும் 18-இல் திருகி வைத்துவிட்டால், மோட்டார் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு கரண்ட் இழுக்கும் வரை ரிலே வாயே திறக்காது. ரிலே இருக்கிறது, ஆனால் இல்லை. "எங்க பெட்டியில ரிலே இருந்துமே மோட்டார் கருகிப்போச்சுங்க" என்று சொல்பவர்களில் எத்தனை பேர் பெட்டியில் இந்தக் கணக்கு பிசகியிருக்குமோ! நேரடி ஸ்டார்ட்டருக்கு இந்தப் பெருக்கல் கிடையாது. அங்கே பிளேட்டில் உள்ள கரண்ட்தான் கணக்கு. ரிலே எந்த வழியில் இருக்கிறது என்று உங்கள் எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை கேட்டு, செட்டிங்கைப் பெட்டிக் கதவின் உட்பக்கம் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.

இதில் விவசாயி பக்கத்து நியாயம் ஒன்று பலமாகவே இருக்கிறது. லைனின் கடைசியில் இருக்கும் தோட்டத்துக்கு வோல்டேஜ் சரியாக வருவதில்லை. கான்டாக்டர் காயில் அதற்குரிய வோல்டேஜில் 85 விழுக்காடு கிடைத்தால் உறுதியாக இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது தரநிலை. 415 வோல்ட் காயிலுக்கு அது சுமார் 353 வோல்ட். அதற்கும் கீழே போனால் கான்டாக்டர் இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கடகடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் மோட்டார் புதிதாக ஸ்டார்ட் ஆகிறது, ஒவ்வொரு அடிக்கும் ஆறு மடங்கு கரண்ட், ஒவ்வொரு அடிக்கும் முனைகளில் ஒரு தீப்பொறி. கடைசியில் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சிவப்புப் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது.

இதற்கு விவசாயி என்ன செய்வார்? டிரான்ஸ்பார்மரின் தாங்கும் அளவுக்கு மேல் மோட்டார்களைக் கோத்துவிட்டு, பழைய மெல்லிய கம்பியிலேயே கிலோமீட்டர் கணக்கில் இழுத்துவிட்டு, "ரிலேவைக் கழற்றாதே" என்று பாடம் நடத்த மின்வாரியத்துக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. 1990-இல் இருந்து எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். இலவசமாகக் கொடுப்பதாலேயே தரம் பற்றிக் கேட்கக்கூடாது என்று ஒரு மனப்பான்மை கொடுப்பவரிடமும் இருக்கிறது, வாங்குபவரிடமும் இருக்கிறது. மோட்டார் ரீவைண்டிங் இலவசம் இல்லை. போரிலிருந்து குழாய் குழாயாக மோட்டாரைத் தூக்கும் கூலி இலவசம் இல்லை. அந்த ஒரு வாரம் வாடும் பயிர் இலவசம் இல்லை. தரமான ஒரு ரிலேவின் விலை இவற்றுக்கு முன்னால் ஒரு தூசி.

ஆனால் வோல்டேஜ் குறைவதில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. பெரும்பாலான தோட்டங்களில் இப்போது ஆட்டோ சுவிட்ச் இருக்கிறது. த்ரீ ஃபேஸ் வந்ததும் தானாக மோட்டார் ஓடிவிடும். ராத்திரி எழுந்து டார்ச் லைட்டோடு பாம்புக்கும் பள்ளத்துக்கும் பயந்து போக வேண்டாம், நல்ல வசதிதான். ஆனால் ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கும் இருபது மோட்டாரும் கரண்ட் வந்த அதே விநாடியில் ஸ்டார்ட் ஆனால் என்ன ஆகும்? இருபதும் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும். கான்டாக்டர்கள் எல்லாம் தாளம் போடும். ஃபியூஸ் போகும், ஒரு ஃபேஸ் போகும், மேலே சொன்ன கதை மறுபடி ஆரம்பமாகும்.

இதற்கு மருந்து அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. டைமர் ரிலே. கரண்ட் வந்து இத்தனை விநாடி கழித்து ஸ்டார்ட் செய் என்று சொல்லி வைக்கலாம். ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கும் தோட்டத்துக்காரர்கள் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து பேசி, முதல் தோட்டத்துக்கு 20 விநாடி, அடுத்ததுக்கு 40, அதற்கு அடுத்ததுக்கு 60 என்று வைத்துக்கொண்டால் போதும். இருபது தோட்டத்துக்கும் சேர்த்து ஏழு நிமிடம் கூட ஆகாது. வாய்க்கால் தண்ணீருக்கு மடை முறை வைத்து வாழ்ந்தவர்கள் நம் பாட்டன்மார். இன்ன நாழிகை இன்னார் வயலுக்கு என்று ஊர் கூடி முடிவு செய்து, அதற்குக் கட்டுப்பட்டார்கள். கரண்டுக்கும் ஒரு மடை முறை வைத்துக்கொள்ள நம்மால் முடியாதா? அரசாங்க உத்தரவு தேவையில்லை, பணமும் பெரிதாகத் தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேச்சுவார்த்தை இருந்தால் போதும். கஷ்டமே அங்கேதான் என்கிறீர்களா? அதுவும் உண்மைதான்.

பச்சைப் பட்டனில் குச்சியையோ கல்லையோ முட்டுக்கொடுத்து வைக்கும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் கான்டாக்டர் விட்டுவிட வேண்டும், திரும்ப வந்தாலும் ஒரு ஆள் வந்து பட்டனைத் தொட்ட பிறகுதான் இழுக்க வேண்டும். காரணமில்லாமல் அப்படிச் செய்து வைக்கவில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் யாராவது பம்பில் கை வைத்து வேலை செய்துகொண்டிருக்கலாம். குச்சி முட்டுக்கொடுத்த பெட்டிக்கு அது தெரியாது. ஆட்டோ வேண்டும் என்றால் முறையான ஆட்டோ சுவிட்ச் வையுங்கள். பம்பில் வேலை செய்யும்போது மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தோட்டத்தை விட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான்.

என்னிடம் படித்த ஒரு பையன். படிப்பில் நடுத்தரம், கை வேலையில் கெட்டி. கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வேலை. அந்த மாதிரி பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை இருக்க முடியாது அல்லவா, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே மறு கையால் அழுத்தினால் ஒரு ஷிப்டில் கூடுதலாகச் சில நூறு பீஸ் அடிக்கலாம். அதனால் ஒரு பட்டனைப் பேனலுக்குள் கம்பி போட்டு நிரந்தரமாக அழுத்தியது போல ஆக்கிவிட்டார்கள். டைரக்ட் பண்ணிவிட்டார்கள். அவனுக்கு இப்போது வலது கையில் இரண்டு விரல் இல்லை. போன மாதம் பார்த்தபோது, "என் கவனக்குறைவுதானுங் சார்" என்றான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பட்டன் ஒழுங்காக இருந்திருந்தால் அவன் எவ்வளவு கவனக்குறைவாக இருந்தாலும் விரல் போயிருக்காது. மனிதன் அசருவான், தூங்கி விழுவான், வீட்டு நினைப்பில் இருப்பான் என்று தெரிந்துதானே அந்த இரண்டாவது பட்டனை வைத்தார்கள்?

இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே சொன்னது. புதிய விஷயம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு இதற்கென்றே சேஃப்டி ரிலே கிடைக்கிறது. அதில் முனைகள் எல்லாம் ஒரே தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு முனை உருகி ஒட்டிக்கொண்டால் எதிர் முனை மூடவே மூடாது. அடுத்த முறை இயந்திரம் ஸ்டார்ட் ஆகவும் ஆகாது. கெட்டுப்போனால் நின்று கெட வேண்டும், ஓடிக்கொண்டே கெடக்கூடாது என்பது அதன் தத்துவம். ஆனால் எவ்வளவு உயர்ந்த ரிலேயும் ஒரு முழம் கம்பிக்கும் ஒரு ஸ்குரூ டிரைவருக்கும் முன்னால் தோற்றுவிடும். கருவி அல்ல, அந்தக் கம்பியைப் போட மாட்டேன் என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்தான் கடைசிப் பாதுகாப்பு.

சின்னப் பட்டறையில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசா பாலசோர் மாவட்டம் பாகாநகா பஜார் ஸ்டேஷனில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போ என்று பச்சை சிக்னல். தண்டவாளமோ பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதி, 290 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சிக்னல் சர்க்கியூட்டில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட் வேலைக்காக அன்று செய்த மாற்றத்திலும் இருந்த பிசகுகளைக் காரணமாகச் சொன்னது. தண்டவாளம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ரிலேகள் வழியாக உறுதி செய்த பிறகே சிக்னல் பச்சையாக வேண்டும் என்பதுதான் இன்டர்லாக்கிங். கம்பி மாறினால் ரிலே பொய் சொல்லும். ரிலே பொய் சொன்னால் சிக்னலும் பொய் சொல்லும். நம் பெட்டியில் போடும் ஒரு துண்டுக் கம்பிக்கும் அந்த விபத்துக்கும் அளவில்தான் வித்தியாசம். "தற்காலிகமாக மாத்திவிட்டிருக்கோம், அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்கிற வார்த்தை இரண்டுக்கும் பொது. தற்காலிகமாகப் போட்ட கம்பியை அடுத்த நாள் யாராவது எடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

"இதெல்லாம் பழைய சரக்கு சார், இப்போ பி.எல்.சி. வந்தாச்சு, செல்போன்லயே மோட்டார் போடுறோம்" என்று இளைய பிள்ளைகள் சொல்கிறார்கள். நல்லது, வரட்டும். ஆனால் பி.எல்.சி. என்ன செய்கிறது? யோசித்து முடித்து ஒரு சின்ன ரிலேக்குக் கரண்ட் கொடுக்கிறது. அந்த ரிலே கான்டாக்டருக்குக் கொடுக்கிறது. கான்டாக்டர் மோட்டாருக்குக் கொடுக்கிறது. செல்போனில் போட்டாலும் கடைசியில் டக் என்று அடிப்பது அதே இரும்புதான். மூளை மாறியிருக்கிறது, கை மாறவில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்த மூளையும் இந்தக் கையில் இருந்து பிறந்ததுதான். 1937-இல், ஜி.டி. நாயுடு இங்கே மோட்டார் செய்த அதே ஆண்டில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர் ரிலே சர்க்கியூட்டுகளைப் பற்றி முதுநிலை ஆய்வேடு எழுதினார். ரிலே முனைகளை வரிசையாகக் கோத்தால் "இதுவும் அதுவும்", பக்கத்துப் பக்கத்தில் இணைத்தால் "இது அல்லது அது". தர்க்கத்தை இப்படிக் கம்பியில் எழுதலாம் என்று காட்டினார். இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அடித்தளம் அது. உங்கள் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். நிறுத்தும் பட்டன்கள் எல்லாம் வரிசையில் இருக்கும், எது ஒன்று திறந்தாலும் மோட்டார் நிற்கும். ஸ்டார்ட் பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், எது ஒன்றை அழுத்தினாலும் ஓடும். ஷானன் எழுதியது நம் மோட்டார் ரூம் சுவரில் தொங்குகிறது. 1947-இல் ஹார்வர்டின் மார்க் 2 கம்ப்யூட்டர் தகராறு செய்தபோது திறந்து பார்த்தால் ஒரு ரிலேயின் முனைகளுக்கு நடுவே ஒரு அந்துப்பூச்சி மாட்டியிருந்தது. அதைப் பிடித்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். நம் ஊரில் அந்துப்பூச்சிக்குப் பதில் எறும்பும் பல்லியும். பெட்டிக் கதவை மூடி, கேபிள் நுழையும் ஓட்டையை அடைத்து வைத்தால் பாதித் தகராறு குறையும்.

பள்ளியிலும் ஐ.டி.ஐ.யிலும் இதைக் கையில் கொடுத்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. படம் வரைந்து மதிப்பெண் வாங்குவது போதாது. ஒரு பழைய கான்டாக்டரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பின் முகத்தில் ஒரு செம்பு வளையம் பதித்திருக்கும், அது எதற்கு என்று கேளுங்கள். நம் மின்சாரத்தில் காந்தம் விநாடிக்கு 100 முறை சூனியத்தைத் தொடும். அந்த இடைவெளியில் இரும்பை விடாமல் பிடித்துக்கொள்ள அந்த வளையம். அது உடைந்தால் பெட்டி "உர்ர்" என்று இரையும். இப்படி ஒன்றை ஒரு தடவை தொட்டுப் புரிந்துகொண்ட பிள்ளை நாளைக்கு ரிலேவைக் கழற்றச் சொன்னால் யோசிப்பான். காரணம் தெரியாத காவலைத்தான் மனிதர்கள் எளிதில் கலைக்கிறார்கள்.

இனி சில வேண்டுகோள்கள்.

தோட்டத்துக்காரர்களுக்கு: ரிலே தட்டினால் முதலில் மூன்று ஃபேஸும் வருகிறதா, வோல்டேஜ் எவ்வளவு என்று பாருங்கள். மீட்டர் இல்லாத பெட்டிக்கு ஒரு வோல்ட் மீட்டர், ஒரு ஆம்பியர் மீட்டர் வைத்துவிடுங்கள். வெள்ளி முனை கறுத்திருக்கிறது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்பு கரண்டைத் தடுக்காது, தேய்த்தால் வெள்ளிதான் போகும். முனை குழி விழுந்து தேய்ந்திருந்தால் செட்டாக மாற்றுங்கள்.

எலக்ட்ரீஷியன் தம்பிகளுக்கு: தோட்டத்துக்காரர் அவசரத்தில் "எடுத்துவிடுப்பா" என்பார். ஏன் தட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் தொழில். எடுத்துவிடுவதற்கு உங்கள் படிப்பு தேவையில்லை.

பட்டறை முதலாளிகளுக்கு: பேனல் சாவி உங்களிடம் இருக்கட்டும். மாதம் ஒரு தடவை நீங்களே நின்று ஒவ்வொரு எமர்ஜென்சி பட்டனையும் அழுத்திப் பாருங்கள். ஒரு கையால் பிரஸ் இறங்குகிறதா என்று சோதித்துப் பாருங்கள். இறங்கினால் அன்றைக்கு அந்த இயந்திரம் ஓடக்கூடாது. அன்றைய உற்பத்தி போனால் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். விரலை எங்கே போய் எடுப்பது?

மின்வாரியத்துக்கு: லைன் கடைசியில் இருக்கும் மோட்டார் ரூமில் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்று அளந்து, அதை ஊர் மக்களுக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். 353-க்குக் கீழே இருந்தால் குறை ரிலேயிடம் இல்லை.

நீங்கள் உங்கள் டிரான்ஸ்பார்மரில் டைமர் முறை வைத்துப் பார்க்கத் தயாராக இருந்தால் எழுதுங்கள். எத்தனை மோட்டார், எத்தனை குதிரைத்திறன் என்று சொன்னால் விநாடிக் கணக்கைப் போட்டுத் தருகிறேன். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு நேரம் இருக்கிறது. பயன்படும் என்று தோன்றினால் உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனுக்கு இதை அனுப்பி வையுங்கள்.